இறந்தவரின் சமூக ஊடகக் கணக்குகள்: எதை முதலில் செய்வது, எதைக் கடைசிக்கு வைப்பது

துக்க வீட்டில் கூட்டம் கலைந்த பிறகும் இறந்தவரின் கைப்பேசி அலமாரியின் மேல் அவ்வப்போது ஒளிர்ந்துகொண்டுதான் இருக்கும். என் தாய்மாமா காலமானபோது அவருடைய கணக்குகளை நான்தான் கவனித்துக்கொண்டேன். அதைக் கேள்விப்பட்டு, மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்திலிருந்தும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்தும் இப்படிப்பட்ட கைப்பேசிகளோடு சிலர் என்னிடம் வருகிறார்கள். வருபவர்களில் பெரும்பாலோர் கடைசியில் செய்ய வேண்டிய வேலையை முதலில் செய்துவிட்டுத்தான் வருகிறார்கள். தொலைபேசி எண்ணை ரத்து செய்திருப்பார்கள், கைப்பேசியை அழித்துப் பேரப்பிள்ளைக்குக் கொடுத்திருப்பார்கள், அல்லது இறந்த அன்றிரவே முகநூலுக்கு அறிவித்திருப்பார்கள். இவற்றில் எதையும் எளிதில் திரும்பப் பெற முடியாது. ஆகவே கீழே உள்ள வரிசையை மாற்றாமல் பின்பற்றும்படி கேட்டுக்கொள்கிறேன்.

1. கைப்பேசியை அணைய விடாதீர்கள்

முதல் நாளே கைப்பேசியை மின்னேற்றியில் பொருத்தி, குடும்பத்தில் ஒருவருடைய பொறுப்பில் ஒப்படையுங்கள். கைப்பேசி ஒருமுறை அணைந்து மீண்டும் எழும்போது கைரேகையையோ முகத்தையோ ஏற்றுக்கொள்ளாமல், பூட்டு எண்ணைத்தான் கேட்கும். சாவு வீட்டின் பரபரப்பில் மின்கலம் தீர்ந்துபோய், அதுவரை திறந்திருந்த கைப்பேசி பூட்டிக்கொண்ட கதைகளை நான் பல முறை கேட்டிருக்கிறேன்.

பூட்டு எண் தெரியாவிட்டால் பிறந்த நாள், திருமண நாள் என்று ஒவ்வொன்றாக அழுத்திப் பார்க்காதீர்கள். தவறான முயற்சிகள் கூடக் கூடக் காத்திருக்க வேண்டிய நேரமும் நீளும். ஐபோனில் அதற்கான அமைப்பைப் போட்டிருந்தால், 10 தவறான முயற்சிகளுக்குப் பிறகு உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். முதலில் வீட்டில் தேடுங்கள். நம் பெரியவர்கள் பூட்டு எண்ணை எங்காவது எழுதித்தான் வைத்திருப்பார்கள்: சாமி படத்தின் பின்புறத்தில், கிளினிக் அட்டையின் உறையில், காலண்டரின் ஓரத்தில். மாமாவின் எண் அவருடைய 555 என்னும் சிறு குறிப்பேட்டில் கிடைத்தது. மளிகைக்கடைப் பாக்கி எழுதிய பக்கத்தின் அடியில், தலைப்பே இல்லாமல் ஆறு இலக்கங்கள் இருந்தன. முதல் நான்கும் அவர் ஓட்டிய லோரியின் எண், கடைசி இரண்டும் அத்தை பிறந்த ஆண்டு. அத்தை அந்தப் பக்கத்தை விரலால் தடவியபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

எண் கிடைக்கவே இல்லையென்றால் கைப்பேசியைக் கடையில் கொடுத்துத் திறக்கச் சொல்வது ஆபத்தானது. பல நேரங்களில் கடைக்காரர் ‘திறந்து தருகிறேன்’ என்று சொல்வதற்கு ‘எல்லாவற்றையும் அழித்துப் புதிதுபோல் தருகிறேன்’ என்பதுதான் பொருள். கணவரின் கைப்பேசியை அப்படிக் கொடுத்த ஓர் அம்மாவின் கைக்குச் சுத்தமாகத் துடைத்த கைப்பேசி திரும்பி வந்தது. உள்ளே ஒரு படம்கூட இல்லை. எனவே, அழிக்காமல் திறக்க முடியுமா என்பதை வாய்விட்டுக் கேட்டு, முடியாது என்றால் கைப்பேசியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

2. தொலைபேசி எண்ணை உயிரோடு வைத்திருங்கள்

வங்கியிலிருந்து முகநூல் வரை, சரிபார்ப்பு எண்கள் பெரும்பாலும் குறுஞ்செய்தியாக அந்த எண்ணுக்கே வருகின்றன. எண் போய்விட்டால் அடுத்த கதவுகளும் அடைபட்டுவிடும். முன்கட்டண எண்ணாக இருந்தால் சிறு தொகையாவது டாப் அப் செய்து காலாவதித் தேதியைத் தள்ளிவையுங்கள். மாதக் கட்டண எண்ணாக இருந்தால், கட்டணம் இறந்தவரின் வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழிக்கப்படுகிறதா என்று பாருங்கள். மரணச் செய்தி வங்கிக்குப் போனதும் கணக்கு முடக்கப்படும். பிறகு கட்டணம் நின்று, யாரும் கவனிக்காத நேரத்தில் எண்ணும் துண்டிக்கப்படும். கைவிடப்பட்ட எண் பின்னாளில் வேறொருவருக்குப் போகக்கூடும் என்பதையும் மறக்காதீர்கள்.

சிம் அட்டையை மகனுடைய கைப்பேசிக்கு மாற்றி, அதில் வாட்ஸ்அப்பைப் பதிவு செய்வது அடிக்கடி நடக்கும் தவறு. அப்படிச் செய்த உடனே பழைய கைப்பேசியில் இருக்கும் வாட்ஸ்அப் வெளியேறிவிடும். காப்புப் பிரதி இல்லாவிட்டால் புதிய கைப்பேசியில் வெற்றுத் திரைதான் தெரியும். சிம் அட்டை இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும்.

கைப்பேசி திறந்திருக்கிறது என்பதற்காக மின்பணப்பையிலோ வங்கிச் செயலியிலோ இருக்கும் பணத்தை மாற்றிவிடாதீர்கள். இறந்தவரின் பணம் அவருடைய வாரிசுச் சொத்து. அதற்கு வேறு வழிமுறை உண்டு. உடன்பிறந்தவர்களுக்குள் தீராத மனத்தாங்கலையும் இதுவே கொண்டுவருகிறது.

3. ஆவணங்கள்: அடையாள அட்டையை ஒப்படைக்கும் முன் நகல் எடுங்கள்

மரணத்தைப் பதிவு செய்யும்போது இறந்தவரின் மைகாட் அடையாள அட்டையைத் தேசியப் பதிவிலாகாவிடம் ஒப்படைக்க வேண்டும். நகல் எடுக்காமல் கொடுத்துவிட்டு, பிறகு ஒரு நிறுவனம் இறந்தவரின் அடையாளச் சான்று கேட்கும்போது திகைத்து நிற்பவர்கள் உண்டு. பதிவிலாகாவுக்குக் கிளம்பும் முன்பே அட்டையின் இரு பக்கங்களையும் தெளிவாகப் படம் எடுத்து வையுங்கள்.

மரணச் சான்றிதழ் கிடைத்ததும், ஓரங்கள் வெட்டுப்படாமல் வண்ணத்தில் ஸ்கேன் செய்யுங்கள். மடிப்பு விழுந்த தாளைக் குழல்விளக்கின் கீழ் வைத்து அவசரமாக எடுத்த படங்களில் தேதி சரியாகத் தெரிவதில்லை. நிறுவனம் கேட்காத விவரங்களை மறைத்து அனுப்பலாம். ஆனால் பெயரையும் இறந்த தேதியையும் மறைத்துவிடாதீர்கள்.

கணக்கை மாற்றவோ நீக்கவோ நிறுவனத்துக்கு விண்ணப்பிக்கும்போது உறவைக் காட்டும் சான்றும் தேவைப்படலாம். பிள்ளைகள் விண்ணப்பித்தால் தங்கள் பிறப்புச் சான்றிதழை வைக்கலாம். மனைவி விண்ணப்பித்தால் திருமணச் சான்றிதழை வைப்பார். இங்கேதான் தோட்டத்துக் குடும்பங்களுக்குச் சிக்கல். 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1-3-1982இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் கோவிலில் தாலி கட்டிக்கொண்ட பலரிடம் பதிவுச் சான்றிதழே கிடையாது. அந்தத் திருமணம் செல்லாது என்று நினைத்து அம்மாக்கள் கூனிக் குறுகுவதைப் பார்த்திருக்கிறேன். வழக்கப்படி நடந்த அந்தத் திருமணங்களைச் சட்டம் ஏற்கிறது. விண்ணப்பத்தை மட்டும், இரு பெற்றோரின் பெயரும் உள்ள பிறப்புச் சான்றிதழோடு ஒரு பிள்ளையின் பெயரில் அனுப்பிவிடுங்கள். அதுவே எளிது.

அடுத்தது பெயர். அந்தக் காலத்துத் தோட்டக் கிராணி, அதாவது எழுத்தர், காதில் விழுந்தபடி எழுதிய பெயர் ஒன்று, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் உள்ள எழுத்துக்கூட்டல் வேறு, முகநூலில் நண்பர்கள் வைத்த செல்லப்பெயர் இன்னொன்று. சான்றிதழில் உள்ள பெயரும் கணக்கில் உள்ள பெயரும் ஒத்துப்போகாவிட்டால் விண்ணப்பம் தடைபடலாம். ஆகவே எல்லா வடிவங்களையும் ஒரே தாளில் எழுதி வைத்துக்கொண்டு, கூடுதல் விளக்கம் கேட்கப்படும்போது ‘இந்தக் கணக்குப் பெயரும் சான்றிதழில் உள்ள இந்தப் பெயரும் ஒருவரையே குறிக்கின்றன’ என்று இரண்டு வரியில் விளக்குங்கள். மரணச் சான்றிதழில் இருக்கும் பிறந்த தேதி, கணக்கில் உள்ள படம் ஆகியவையும் துணைக்கு வரும்.

4. பட்டியல் எழுதுங்கள், அவர் நிர்வகித்தவற்றையும் சேர்த்து

முகநூல், இன்ஸ்டாகிராம், டிக்டாக், வாட்ஸ்அப், யூடியூப், மின்னஞ்சல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். ஒவ்வொரு வரியிலும் கணக்கின் பெயரும் சுயவிவரப் பக்கத்தின் இணைப்பும் இருக்கட்டும். இணைப்பு முக்கியம், ஏனென்றால் ஒரே பெயரில் பலர் இருப்பார்கள். கைப்பேசியைத் தொலைத்து மீண்டும் மீண்டும் புதுக் கணக்கு தொடங்கிய பெரியவர்களுக்கு ஒரே முகநூலில் மூன்று கணக்குகள்கூட இருக்கும்.

அவர் எந்தப் பக்கத்துக்கு நிர்வாகியாக இருந்தார் என்பதைப் பலரும் கேட்க மறந்துவிடுகிறார்கள். ஒரு முகநூல் பக்கத்துக்கு அவர் ஒருவரே நிர்வாகியாக இருந்து, அவருடைய கணக்கு நினைவுக் கணக்காக (பதிவுகள் இருக்கும், யாரும் உள்ளே நுழைய முடியாது) மாற்றப்பட்டால், அந்தப் பக்கமும் நீக்கப்படும். மாமா எங்கள் கோவில் பக்கத்தை நடத்தினார். தீமிதித் திருவிழாப் படங்கள், இடிக்கப்பட்ட பழைய லயங்களின் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின்) படங்கள், தோட்டத் தமிழ்ப்பள்ளியின் கடைசி ஆண்டுப் படங்கள் எல்லாம் அதில்தான் இருந்தன. நல்லவேளையாக விண்ணப்பம் அனுப்புவதற்கு முதல்நாள் இதைக் கண்டுகொண்டோம்.

இப்படி இருந்தால் விண்ணப்பத்தை நிறுத்தி வையுங்கள். பக்கத்தில் வேறு யாருக்காவது முழு நிர்வாக உரிமை உண்டா என்று கோவில் செயற்குழுவிலோ முன்னாள் மாணவர் சங்கத்திலோ விசாரியுங்கள். ஒருவரும் இல்லையென்றால், வெளியிலிருந்து பார்க்கக் கிடைக்கும் படங்களையும் பதிவுகளையும் சேமித்து, புதிய பக்கம் ஒன்றைத் தொடங்கி, பழைய பக்கத்தைப் பின்தொடர்ந்தவர்களுக்குச் செய்தி சொல்லுங்கள். அதன் பிறகு விண்ணப்பியுங்கள். எங்களுக்கு இந்த வேலைக்கு மூன்று வாரம் ஆனது.

5. நினைவுகளை உங்கள் கைப்பேசியிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள்

கடவுச்சொல் தெரிந்தாலும் இறந்தவரின் முகநூல் கணக்கில் நுழையாதீர்கள் என்பதே என் கருத்து. பிறர் கணக்கில் நுழைவதை முகநூலின் விதிகள் அனுமதிப்பதில்லை. நம் நாட்டின் 1997ஆம் ஆண்டுக் கணினிக் குற்றச் சட்டமும் அனுமதியின்றிக் கணினித் தரவுகளை அணுகுவதைக் குற்றமாக்குகிறது. இன்னொரு காரணமும் உண்டு. ஒரு மகன் இரவு பதினொரு மணிக்கு அம்மாவின் கணக்கைத் திறந்து படம் தேடிக்கொண்டிருந்தார். ஜொகூரில் இருந்த தங்கையின் திரையில் அம்மாவின் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி தோன்றியது. அடக்கம் முடிந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. அந்தப் பெண் அலறியடித்துக்கொண்டு அண்ணனை அழைத்தார்.

நாம் தேடுவதில் பெரும்பகுதி உள்ளே நுழையாமலேயே கிடைக்கும். இறந்தவர் உங்களுக்கு அனுப்பிய குரல் செய்திகளும் படங்களும் உங்கள் வாட்ஸ்அப்பிலேயே இருக்கின்றன. அந்த உரையாடலைத் திறந்து, ‘எக்ஸ்போர்ட் சாட்’ என்பதைத் தேர்ந்தெடுத்து, ஊடகங்களோடு ஏற்றுமதி செய்யுங்கள். ஊடகங்களோடு அனுப்பும்போது அண்மைய 10,000 செய்திகள் வரையிலும், ஊடகங்கள் இல்லாமல் 40,000 வரையிலும் அடங்கும். அண்ணன், அக்கா, தம்பி, பேரப்பிள்ளைகள் எல்லாரும் தத்தம் கைப்பேசியில் இதைச் செய்து, ஒரே பென்டிரைவில் சேர்க்கட்டும். ‘சாப்பிட்டியாம்மா, வரும்போது ரெண்டு ரொட்டி வாங்கிட்டு வா’ என்ற ஆறு விநாடிக் குரலை இப்போது சாதாரணமாக நினைப்பீர்கள். அடுத்த தீபாவளிக்கு வீட்டார் அதைத்தான் தேடுவார்கள்.

குடும்பம் கைப்பேசியை நேர்வழியில் திறக்க முடிந்தால், படங்களையும் தொடர்பு எண்களையும் எடுத்துக்கொள்ளலாம். அப்போது இருவர் சேர்ந்து உட்காருங்கள். தனி உரையாடல்களைத் திறக்காதீர்கள். அலமாரியில் கிடைத்த பழைய கடிதத்துக்குத் தரும் மரியாதையை இதற்கும் தர வேண்டும்.

6. குடும்பத்தில் முடிவெடுத்த பிறகு விண்ணப்பியுங்கள்

அப்படியே விடுவது, நினைவுக் கணக்காக மாற்றுவது, நிரந்தரமாக நீக்குவது என மூன்று வழிகள் உண்டு. 16ஆம் நாள் காரியம் முடியும்வரை எதையும் செய்ய வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். அதற்குள் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் பிள்ளைகள் ஒன்றுகூடிவிடுவார்கள். வெளியூர் நண்பர்களுக்கும் செய்தி போயிருக்கும். நிரந்தரமாக நீக்குவதென்றால் முதலாண்டுத் திதி வரை பொறுங்கள். நீக்கியதை மீட்க முடியாது, துக்கத்தில் எடுத்த முடிவோ மாறக்கூடும்.

7. முகநூல்

நினைவுக் கணக்காக மாற்றும்படி குடும்பத்தாரோ நண்பரோ கேட்கலாம். உதவி மையத்தில் அதற்கென உள்ள படிவத்தில் சுயவிவர இணைப்பு, இறந்த தேதி, மரணச் சான்று ஆகியவற்றைக் கொடுங்கள். மரண அறிவிப்பையும் சான்றாக ஏற்பார்கள். ஆனால் நம் தமிழ் நாளிதழ் அறிவிப்பில் பெயர் தமிழிலும் கணக்கில் ஆங்கில எழுத்திலும் இருப்பதால், மரணச் சான்றிதழே தடையில்லாதது.

மாற்றப்பட்டதும் பெயருக்கருகே நினைவுகூர்தலைக் குறிக்கும் சொல் தோன்றும். அதன் பின் யாரும் உள்ளே நுழைய முடியாது. பழைய பதிவுகள், யாருக்குப் பகிரப்பட்டனவோ அவர்களுக்கு முன்போலவே தெரியும். பிறந்தநாள் நினைவூட்டல் நின்றுவிடும். விவரம் தெரியாதவர்கள் ‘நூறாண்டு வாழ்க’ என்று எழுதி வீட்டாரின் மனத்தைப் புண்படுத்துவது இதனால் தவிர்க்கப்படும்.

இறந்தவர் உயிரோடு இருந்தபோது ‘லெகசி காண்டாக்ட்’, அதாவது தமக்குப் பின் கணக்கைக் கவனிக்கும் பொறுப்பாளர், ஒருவரை நியமித்திருந்தால், அவர் முகப்புப் படத்தை மாற்றலாம், மேலே நிலைத்திருக்கும் பதிவு ஒன்றை எழுதலாம், நட்பு வேண்டுகோள்களுக்குப் பதில் தரலாம், கணக்கை நீக்கக் கோரலாம். தனிச் செய்திகளை அவராலும் படிக்க முடியாது. இறந்த பிறகு அப்படி ஒருவரைக் குடும்பத்தார் நியமிக்க வழியில்லை.

நீக்கக் கோருவதற்கு நெருங்கிய உறவினராகவோ சொத்து நிர்வாகியாகவோ இருக்க வேண்டும். மரணச் சான்றிதழை அனுப்புவதே விரைவான வழி.

8. இன்ஸ்டாகிராமும் மற்றவையும்

இன்ஸ்டாகிராமிலும் நினைவுக் கணக்கு, நீக்கம் என இரு வழிகளும் உண்டு. நீக்கத்துக்கு உறவுச் சான்று வேண்டும். முகநூலும் இன்ஸ்டாகிராமும் ஒரே நிறுவனத்துடையவை என்பதால் ஒன்றுக்கு அனுப்பினால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். தனித்தனிப் படிவம் அனுப்ப வேண்டும். எக்ஸ் தளத்தில் குடும்பத்தார் கணக்கை முடக்கக் கோரலாம். மரணச் சான்றிதழோடு விண்ணப்பிப்பவரின் அடையாள அட்டை நகலும் கேட்பார்கள்.

9. வாட்ஸ்அப்

வாட்ஸ்அப்பில் நினைவுக் கணக்கு என்று ஒன்று கிடையாது. பயன்படுத்தாத கணக்கு பொதுவாக 120 நாளில் நீக்கப்படும். கைப்பேசியில் சேமிக்கப்பட்டிருப்பது, செயலியை அகற்றாதவரை அங்கேயே இருக்கும். ஆகவே கைப்பேசியைச் சுத்தம் செய்கிறேன் என்று செயலியை அகற்றிவிடாதீர்கள். கணினியில் இணைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாலும், கைப்பேசியை 14 நாளுக்கு மேல் பயன்படுத்தாவிட்டால் அந்த இணைப்பு துண்டிக்கப்படும்.

மரணச் செய்தியை அவருடைய எண்ணிலிருந்து குழுக்களுக்கு அனுப்புவது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. ‘அப்பா காலமானார்’ என்ற செய்தி அப்பாவின் படத்தோடும் பெயரோடும் வந்து விழுகிறது. சிலர் அதை மோசடி என்று நினைக்கிறார்கள், சிலர் நிலைகுலைந்து போகிறார்கள். தொடர்பு எண்களைக் குறித்துக்கொண்டு, உங்கள் எண்ணிலிருந்து, ‘நான் இன்னாருடைய மகன்’ என்று தொடங்கி எழுதுங்கள்.

10. கூகுள், ஆப்பிள்

இறந்தவரின் கூகுள் கணக்கை மூடவோ அதிலுள்ள தரவுகளைப் பெறவோ விண்ணப்பிக்கலாம். கடவுச்சொல்லை எந்நிலையிலும் தர மாட்டார்கள். உள்ளடக்கத்தைப் பெற அமெரிக்க நீதிமன்ற ஆணைகூடத் தேவைப்படலாம். நம் மரணச் சான்றிதழ் மலாய் மொழியில் இருப்பதால், சான்றளிக்கப்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்பும் நோட்டரியின் உறுதிப்பாடும் வேண்டும். இது செலவும் அலைச்சலும் உள்ள வேலை. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்த பிறகு இறங்குங்கள். ஆனால் ஒரேயடியாக மறந்தும் விடாதீர்கள், இரண்டு ஆண்டு பயன்படுத்தப்படாத கணக்கைக் கூகுள் நீக்கலாம். பேரப்பிள்ளைகளின் படமெல்லாம் கூகுள் போட்டோஸில் இருந்தால், இந்தக் கெடுவைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

ஐபோன் வைத்திருந்தவர் ‘லெகசி காண்டாக்ட்’ அமைத்திருந்தால், அணுகல் சாவியும் மரணச் சான்றிதழும் போதும். அனுமதி கிடைத்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் தேவையானதைப் பதிவிறக்கிக்கொள்ள வேண்டும்.

11. இடைப்பட்ட காலத்தில் மோசடி

மரணச் சான்றிதழின் படத்தை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். அடையாள அட்டை எண் உட்பட எல்லாம் அதில் இருக்கிறது. இறந்தவரின் படத்தை வைத்துப் போலிக் கணக்கு தொடங்கி, ‘ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பணம் வேண்டும்’ என்று கேட்பவர்கள் உண்டு. அப்படி ஒன்று கண்ணில் பட்டால், அந்தக் கணக்கைப் போலி என்று தளத்தில் புகார் செய்து, உறவினர்களுக்கு உங்கள் குரலிலேயே செய்தி அனுப்புங்கள். யாராவது பணம் அனுப்பிவிட்டிருந்தால் தாமதிக்காமல் 997 என்ற எண்ணில் தேசிய மோசடி நடவடிக்கை மையத்தை அழைத்து, காவல் நிலையத்திலும் புகார் கொடுக்க வேண்டும்.

12. வீட்டில் இருப்பவர்களுக்கு இந்த வாரமே

துக்க வீட்டு வேலை முடிந்ததும், அம்மாவின் கைப்பேசியையும் உங்களுடையதையும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். முகநூலில் அமைப்புகளுக்குள் கணக்கு மையம், தனிப்பட்ட விவரங்கள், கணக்கு உரிமை என்று போனால் நினைவுக் கணக்குப் பகுதி வரும். அங்கே லெகசி காண்டாக்ட்டைத் தேர்ந்தெடுக்கலாம். கூகுளின் செயலற்ற கணக்கு நிர்வாகியில், 3 மாதம் முதல் 18 மாதம் வரை ஒரு காலத்தைக் குறித்து, அந்தக் காலம் முழுதும் கணக்கு பயன்படுத்தப்படாவிட்டால் 10 பேர் வரை அறிவிப்புப் பெறும்படி செய்யலாம். பிறகு பூட்டு எண்ணை ஒரு தாளில் எழுதி, உறையிலிட்டு ஒட்டி, வீட்டுப் பத்திரங்கள் இருக்கும் இடத்தில் வைத்து, அது அங்கே இருப்பதை இரண்டு பேரிடம் சொல்லிவிடுங்கள். எண்ணை மாற்றும்போது தாளையும் மாற்ற வேண்டும்.